அச்சாணியும் சரியடையாளமும்

விற்பதற்கு முன் வணிகர் காட்டும் முகமும் விற்ற பின் காட்டும் முகமும் ஒன்றாயிருத்தல் அரிது. சந்தையிற் கத்தரிக்காய் வாங்கியவன் வீட்டுக்கு வந்து சொத்தையைக் கண்டால் மறுநாள் வேறு கடையை நாடுவான். அவனுக்கு இழப்புச் சில ரூபா. விற்றவனுக்கு இழப்பு ஒரு வாடிக்கை. கணக்கு அத்துடன் தீர்ந்துவிடும். மோட்டார்க் கார் அத்தகைய பண்டமன்று. வாங்கியவர் விற்றவரிடமே மீண்டும் மீண்டும் செல்லவேண்டும். செல்லாவிடின் உத்தரவாதம் அற்றுப்போகும் என்று ஒப்பந்தம் எச்சரிக்கும். விலை கொடுத்தவர், விலை பெற்றவரின் தயவில் வாழ நேரும் இந்த விநோத உறவு சிந்தனைக்குரியது.

தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் வாழும் கணிய அளவையாளர் ஒருவரின் அநுபவம் இதனை நன்கு விளக்கும். அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாடுகளிற் கட்டடங்களின் கல்லையும் கம்பியையும் கணக்கிட்டு உழைத்தவர். இளமையில் ஒருமுறை நுவரெலியாவுக்குச் சென்று மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டே இருக்கைகள் கொண்ட, நிலத்தோடு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தாமும் ஒருநாள் ஓட்டவேண்டும் என்ற ஆசை அன்று அவருள் விழுந்தது. ஆயினும் மகளின் படிப்பும் வீட்டுக் கடனும் தாயின் மருத்துவமும் அந்த ஆசையை முந்திக்கொண்டன. ஆசைக்கு முறை வந்தபோது நாட்டின் கதவு மூடியிருந்தது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு 2025 பெப்ரவரி 1ஆந் திகதியே மீண்டும் திறந்தது. திறந்த கதவின் வழியே வந்த கார்கள் வரிக்குமேல் வரியைச் சுமந்து வந்தன. ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் தம் காரை வாங்கினார்.

இவ்விடத்தில் வாசகர் சிலர் முகஞ்சுளித்தல் கூடும். 2022இல் எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்டிலே, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கவல்லவரின் மனக்குறைக்கு யார் இரங்குவர்? வினா நியாயமானதே. காலி வீதியிற் பேருந்துக்கும் முச்சக்கரவண்டிக்கும் இடையில் ஊர்ந்து செல்லும் அவ்வண்டியின் ஆற்றலும், நகர்ப்புறத்துக்கு விதிக்கப்பட்ட மணிக்கு 50 கிலோமீற்றர் எல்லையும் ஒன்றையொன்று பார்த்து நகைக்கவே செய்யும். அவர் மனைவியும் அப்படித்தான் நகைத்தார். ஆனால் நடந்தது ஆடம்பரத்தைப் பற்றிய கதையன்று. முச்சக்கரவண்டியின் சில்லைப் பூட்டுவதும் ஸ்போர்ட்ஸ் காரின் சில்லைப் பூட்டுவதும் ஒரே நட்டுத்தான்.

முதல் ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் காரை முகவர் நிலையத்தின் வேலைத்தளத்திற் பராமரிப்புக்குக் கொடுத்தார். விற்பனைக் கூடத்தில் அவருக்குக் கோப்பி கொடுத்து, "சேர்" என்று விளித்து, வாசல்வரை வந்து வழியனுப்பிய இளைஞர் இப்போது அவரைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அடையாளங் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலையிற் கொடுத்த கார் மாலை ஆறு மணிக்குக் கிடைத்தது. இருக்கை பின்னே தள்ளப்பட்டிருந்தது. வானொலி வேறு அலைவரிசையிற் பாடிக்கொண்டிருந்தது. இடது முன்சில்லின் அலுமினிய விளிம்பில், காலையில் இல்லாத ஒரு கீறல். எல்லாவற்றிலும் மேலாக, தூரங்காட்டி முப்பத்தொரு கிலோமீற்றர் கூடியிருந்தது. பரீட்சித்து ஓட்டியதாகச் சொன்னார்கள். முப்பத்தொரு கிலோமீற்றர் பரீட்சை தெஹிவளையிலிருந்து பாணந்துறைக்குப் போய்த் திரும்புவதற்குச் சற்றே குறைந்தது என்பதை அளவையாளரான அவர் கணக்கிடாதிருக்க முடியவில்லை.

அவர் கையில் ஒரு பரிசோதனைத் தாளும் தரப்பட்டது. நாற்பது பெட்டிகள், நாற்பதிலும் சரியடையாளம். எல்லாம் ஒரே பேனையால், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் இட்டது போலிருந்தன. 'சில்லு நட்டுகள் விதித்த அளவில் இறுக்கப்பட்டன' என்பது அவற்றுள் ஒன்று. கீறலைப் பற்றி முறையிட்டபோது, "பார்த்துச் சொல்கிறோம்" என்ற விடை கிடைத்தது. மறுநாட் காலை தொலைபேசி ஒலித்தது. கீறலைப் பற்றிய விடையாக இருக்குமென எடுத்தார். பராமரிப்புச் சேவைக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி வழங்குவீர்கள் என்று ஒரு பெண்குரல் கேட்டது. பத்துக்குக் குறைந்தால் பணிபுரிந்தவர்களுக்குப் பாதிப்பு வரும் என்றும் பணிவாகச் சொன்னது.

மூன்றாம் நாள், களுபோவிலை வைத்தியசாலையில் மருத்துவராகப் பணிபுரியும் மகளை அழைத்துச் செல்லும்போது, தெஹிவளை மேம்பாலத்தருகில் ஸ்டியரிங் இலேசாக நடுங்கியது. மெல்லிய தட்டொலி ஒன்றும் கேட்டது. மகளை இறக்கிவிட்டு, ஒழுங்கைக்குட் கராஜ் வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனார். அம்முதியவர் புதிய காரைத் தொடத் தயங்கினார். உத்தரவாதம் கெடும் என்பது அவருக்குந் தெரியும். ஆயினும் குனிந்து இடது முன்சில்லைப் பார்த்தார். ஒரு நட்டை விரலாற் பிடித்தார்.

"ஐயா, இது கையாலேயே கழலுது."

ஐந்து நட்டுகளில் இரண்டு விரலுக்கே இசைந்தன. மூன்றாவது சிறு முயற்சியிற் சுழன்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகளும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் காலிக்குப் போவதாக இருந்தார்கள். அங்கே விதித்த எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். முதியவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. நான்கு சில்லுகளையும் இறுக்கிவிட்டு, ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் வரச் சொன்னார். கூலி கேட்டபோது கையை அசைத்து மறுத்தார்.

சில்லைப் பிடித்து வைத்திருப்பது நட்டு என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மை சற்று நுண்ணியது. நட்டை இறுக்கும்போது அதனைத் தாங்கும் திருகாணி கண்ணுக்குப் புலப்படாத அளவில் நீண்டு, வில்லைப்போல இழுபட்டு நிற்கும். அந்த இழுவிசையே சில்லைத் தட்டோடு அழுத்துகிறது. அழுத்தத்திற் பிறக்கும் உராய்வே வண்டியின் பாரத்தைச் சுமக்கிறது. இறுக்கம் குறைந்தால் உராய்வு குறையும். சில்லு ஒவ்வொரு சுழற்சியிலும் நுண்ணளவில் அசையும். திருகாணி இங்குமங்கும் வளைந்து களைப்புற்று, ஈற்றில் முறியும். மிகையாக இறுக்கினாலும் திருகாணி தன் மீள்தன்மையை இழக்கும். ஆதலாற்றான் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முறுக்குவிசை விதிக்கப்பட்டுள்ளது. சிறிய கார்களுக்கு அது ஏறத்தாழ நூறு நியூற்றன் மீற்றர். அதாவது அரை மீற்றர் நீளமுள்ள ஸ்பனரின் நுனியில் இருபது கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது. அளவுகாட்டும் ஸ்பனர் கொண்டு ஒரு சில்லை இறுக்கிச் சரிபார்க்க ஒன்றிரண்டு நிமிடம் போதும். பெருந்தேர் உருள்வது சிறு அச்சாணியை நம்பியே என்று வள்ளுவர் உருவங்கண்டு இகழாமைக்குச் சொன்ன உவமை, இக்கால வேலைத்தளத்தில் உவமையாக அன்றி உண்மையாகவே நிற்கிறது.

பொருளியலாளர் இத்தகைய நிலையை ஆராய்ந்துள்ளனர். 1970இல் ஜோர்ஜ் அக்கலோவ் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தையே சீர்குலையும் எனக் காட்டினார். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டோருள் அவரும் ஒருவர். 1973இல் மைக்கல் டார்பியும் எடி கார்னியும் இன்னும் ஒருபடி சென்றனர். சில பண்டங்களின் தரத்தை வாங்குமுன் பார்த்து அறியலாம். சிலவற்றின் தரத்தைப் பயன்படுத்தி அறியலாம். வேறு சிலவற்றின் தரத்தைப் பயன்படுத்திய பின்னும் வாங்கியவரால் எளிதில் அறிய முடியாது. பழுதுபார்த்தலும் மருத்துவமும் இந்த மூன்றாம் வகையைச் சார்ந்தவை. ஒயில் உண்மையில் மாற்றப்பட்டதா, நட்டு உண்மையில் அளந்து இறுக்கப்பட்டதா என்பதை வாங்கியவர் காண்பதில்லை. அவர் காண்பது தாளில் இட்ட அடையாளத்தை மட்டுமே. பணம் அந்த அடையாளத்துக்கே கொடுக்கப்படுகிறது.

செல்வாக்கும் பொருளும் உடையவர்க்கும் இக்குறை நேர்ந்ததுண்டு. இத்தாலியில் உழவு இயந்திரங்கள் செய்து செல்வரான பெருச்சியோ லம்போர்கினி, தாம் வாங்கிய பெராரி கார்களின் கிளச்சு அடிக்கடி கெடுவதையும், திருத்தக் கொடுத்தால் தம்மை மணிக்கணக்காகக் காக்கவைத்ததையும் சகியாமல், என்சோ பெராரியிடமே சென்று முறையிட்டதாகவும், உழவு இயந்திரக்காரருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற பொருளில் விடை பெற்றதாகவும் பின்னாளிற் கூறினார். அவர் 1963இல் சந்த் ஆகத்தாவிற் சொந்தத் தொழிற்சாலையை நிறுவினார். மறு ஆண்டிலே அவருடைய 350 ஜீரீ கார் விற்பனைக்கு வந்தது. இக்கதையைக் கேட்டு மகிழ்வோர் பலர். ஆனால் அதனுள்ளே ஒரு துயரமும் உண்டு. கவனமாகச் செய்த ஒரு கிளச்சைப் பெறுவதற்கு ஒரு தொழிற்சாலையையே கட்டவேண்டியிருந்ததாயின், தொழிற்சாலை கட்ட இயலாதவர் என் செய்வர்?

அவர்களுக்குச் சட்டம் உண்டு. இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருளின் தகுதி பற்றி எழுதப்படாத நிபந்தனைகளும் உண்டென்று நூற்றாண்டுக்கு முன்னரே ஏற்றுக்கொண்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். தெஹிவளை அளவையாளர் இவற்றையெல்லாம் படித்தறிந்தார். முறைப்பாட்டுக்கு முன்னர் நிலையத்துக்கே ஒரு கடிதம் எழுதினார். பத்து நாளில் விடை வந்தது: 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' அத்துடன் ஒருமுறை காரை இலவசமாகக் கழுவித் தருவதற்கான சீட்டும் இருந்தது.

அவரை உண்மையாகப் புண்படுத்தியது அந்த ஒரு சொல்லே. மின்தூக்கி பழுதானால் அசௌகரியம். மழையிற் பேருந்து தாமதித்தால் அசௌகரியம். மகள் அமர்ந்திருந்த பக்கத்துச் சில்லு கழலவிருந்ததற்கு அது பெயரன்று. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: அந்தப் பெட்டியிற் சரியடையாளம் இட்டவர் யார்? மேற்பார்வையாளர் ஏடுகளைப் புரட்டினார். கையொப்பம் இருந்தது; யாருடையது என்று சொல்ல எவராலும் முடியவில்லை.

விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. அவர் வெளியேறும்போது, ஒயில் படிந்த மேலாடையோடு தொழில் பயிலும் ஒரு பையன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். வண்டிகள் வருமுன்னரே காலையில் தாள்கள் முழுவதும் நிரப்பப்படுவதாகவும், ஒரு வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று மேலிடத்தில் வகுத்திருப்பதாகவும், அளவுகாட்டும் ஸ்பனர் ஒன்றே உள்ளதென்றும் தாழ்ந்த குரலிற் சொன்னான். "குறை நினைக்காதீங்க சேர்" என்றான். அவன் வயது இருபதைத் தாண்டியிராது.

அதுவரை அவர் ஒரு சோம்பேறிக் கையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படியொரு கை அங்கே இருக்கவில்லை. அக்கறையின்மை ஒருவருடைய குணமாக அன்றி, நிமிடக்கணக்காக, முன்கூட்டியே நிரப்பிய தாளாக, பத்துக்குப் பத்துப் புள்ளியாக ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது. கராஜ் முதியவருக்குத் தாள் இல்லை, பெயர் உண்டு. தாம் பூட்டிய சில்லுக் கழன்றால் ஒழுங்கையில் முகங்காட்ட முடியாது என்பதே அவருடைய உத்தரவாதம். அங்கே வேலை முன்னும் சொல் பின்னும் வருகின்றன. பெரிய வேலைத்தளத்திலோ சொல் முன்னே வந்துவிட்டது. வேலை வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம்.

இது கார்களுக்கு மட்டும் உரிய நோயன்று. வாசியாத விடைத்தாளில் இட்ட புள்ளியும், செல்லாத களத்துக்கு எழுதிய அறிக்கையும், பாராத பாலத்துக்கு வழங்கிய சான்றிதழும் அதே பேனையால் இடப்பட்ட அடையாளங்களே. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறும் இளைஞர் நாளை இடப்போகும் கையொப்பங்களை நம்பியே எத்தனையோ பேர் கண்ணை மூடிக்கொண்டு பயணஞ்செய்ய இருக்கின்றனர்.

அளவையாளர் அதிகாரசபைக்கு உரிய காலத்துள் முறைப்பாட்டை எழுதினார். பையனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தாள்கள் எப்போது நிரப்பப்படுகின்றன என்பதை விசாரிக்குமாறு மட்டும் கேட்டிருந்தார். உத்தரவாதத்தின் பொருட்டு, ஐயாயிரம் கிலோமீற்றரில் அதே வாசலுக்கு அவர் மீண்டும் போகவேண்டியிருந்தது. போனபோது, தாளை முதலிற் காட்டும்படி கேட்டார். அன்று நாற்பது பெட்டிகளும் வெறுமையாக இருந்தன. வேலை முடியும்வரை கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றுகொண்டேயிருந்தார்.