பாடு வரிசையில் பேட்டரி

பூநாரைகளைப் படமெடுக்கத்தான் போயிருந்தேன். பழவேற்காடு ஏரியில் தை மாதக் காலை. பொன்வெயில் சரியாக விழுந்து, கூட்டமாக அவை எழும்பிய நொடியில் கேமராவின் திரை கறுத்துப்போனது. பையிலிருந்த இரண்டாவது பேட்டரியை மாட்டினேன். பத்துப் படம்கூடத் தாங்கவில்லை. நான்கு மாதமாக முழு சார்ஜோடு அலமாரியில் கிடந்தது அது. தோணி தள்ளிய அண்ணன் சிரித்தார்.

"கோட்டைக்குப்பத்துல நம்ம பையன் ஒருத்தன் செல்லு பாக்குறான். அவன்கிட்ட காட்டு தம்பி."

நாடி பார்க்கிற வைத்தியரைச் சொல்வதுபோலச் சொன்னார். போய்ப் பார்த்தபோது அந்தச் சொல் தப்பில்லை என்று தெரிந்தது.

திண்ணையின் ஒரு பக்கம் வலைக்குவியல். மறுபக்கம் ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், நான்கு செல் போடும் சார்ஜர்கள் இரண்டு. சுவரில் ஆணிக்கு ஒன்றாக நெற்றி லைட்டுகள் தொங்கின. ராத்திரி ஏரிக்குப் போகிறவர்களின் சொத்து அவை. இரண்டு கையும் வலையில் இருக்கும்போது வெளிச்சம் நெற்றியில்தான் இருக்க முடியும்.

செல்லு பார்க்கிறவர் லைட்டோடு சேர்த்து சார்ஜ் போடுவதில்லை. செல்லைக் கழற்றித்தான் போடுகிறார். "மூடியே இருந்தா உள்ள உப்புப் புடிச்சது எப்படி சார் தெரியும்?" என்றார். ஒரு லைட்டைத் திறந்து காட்டினார். சுருள்கம்பியில் பச்சை பூத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அதைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தார். லைட்டின் வெளிக்கூட்டை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தினார். செல்லில் மட்டும் ஈரம் படவிடவில்லை.

அப்புறம் அளவு. விரல் பருமனுக்குச் சற்று மேலான அந்த லித்தியம் செல்லில் 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கும்; முழுதாக ஏறினால் 4.2 காட்டும். எடுத்ததும் ஒருமுறை பார்க்கிறார், ஒரு மணி நேரம் சும்மா வைத்து மறுபடி பார்க்கிறார். ஒன்று 4.2-லிருந்து 3.9-க்கு இறங்கியிருந்தது. "ஒரு வேலையும் செய்யாமலே இவ்ளோ இறங்கிட்டா, இந்த ஆள நம்பி நடு ஏரிக்குப் போவ முடியுமா?" என்று ஓரமாக வைத்தார். உப்புத் தண்ணீரில் விழுந்த செல்லை அவர் சார்ஜரில் ஏற்றுவதே இல்லை. அது உள்ளே அரித்து, சூடேறி, தீப்பிடிக்கக்கூடும். வாசலுக்கு வெளியே மணல் நிரப்பிய வாளி ஒன்று அதற்காகவே இருக்கிறது.

எட்டு இடம், இருபதுக்கு மேல் செல். யாருக்கு முதலில்? அன்று இரவு ஏரியில் இறங்குகிறவர்களுக்கு முதலில். "இதுவும் பாடுதான் சார்." ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். அதை நடத்திவரும் ஊர்களில் கோட்டைக்குப்பமும் ஒன்று. எனக்கு ஏரியில் பாடு இல்லை, சுவிட்சு போர்டிலும் இல்லை. சென்னையிலிருந்து வந்தவன் என்பதற்காக யாரும் செல்லைக் கழற்றவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அதுதான் நியாயமும்.

என் முறை வந்ததும் கேமரா பேட்டரியைத் திருப்பி எழுத்தைப் படித்தார். 7.2 வோல்ட். "உள்ள ரெண்டு செல்லு வரிசையா இருக்கும். என் சார்ஜர் இதுக்கு ஆகாது, உங்களோடதையே குடுங்க." தகடுகளைத் துடைத்தார். பிறகு, முழு சார்ஜோடு சும்மா வைத்ததற்காகத் திட்டினார். லித்தியம் பேட்டரி முழுவயிற்றோடும் வெயிலிலும் கிடந்தால் சீக்கிரம் கிழடாகும். பட்டினி கிடந்தாலும் கெடும். நெடுநாள் வைப்பதென்றால் பாதி சார்ஜில், நிழலில் வைக்கவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கவேண்டும்.

எனக்கு ஸ்டூடியோவில் தொழில் கற்றுத்தந்தவர் சொன்னது நேர் எதிர்: சுத்தமாகத் தீரவிட்டு அப்புறம் ஏற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான பாடம். அரைகுறையாகத் தீர்த்து ஏற்றிக்கொண்டே இருந்தால் கொள்ளளவு குறையும் வியாதி அதற்கு உண்டு. 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு பேட்டரி மாறியது, பாடம் மாறவில்லை. முப்பது வருடம் கழித்தும் நான் புது பேட்டரிக்குப் பழைய மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது மேசைக்கடியில் ஒரு பெயின்ட் டப்பாவைப் பார்த்தேன். செத்த செல்கள், ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கியிருந்தன. உப்பிப்போன ஒரு கேமரா பேட்டரியும் கிடந்தது. எனக்கு முன்னால் வந்த எவரோ விட்டுப்போனது. "ஏரியில போட மனசு வரல. பழைய இரும்புக்காரன் வாங்க மாட்டேங்குறான்" என்றார்.

விற்ற பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. அந்தப் பொறுப்பு உள்ளவர்கள் யாராவது ஒரு நடை கோட்டைக்குப்பம் வரை வரவேண்டும். டப்பா கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.