விலையும் விருப்பமும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நான் டொராண்டோ மாநகரில் என் மகன் இல்லத்தில் கழித்தேன். அரை நூற்றாண்டுக் காலம் மும்பையில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு அந்நாட்டுக் குளிர் ஒத்துவரவில்லை. வெளியே தலைகாட்டாமல் கம்பளிக்குள் ஒடுங்கிக் கிடந்த எனக்குப் பன்னிரண்டு வயதுப் பேரனே துணை. பேஸ்பால் ஆட்டத்தின் இலக்கணத்தை எனக்குப் போதித்த ஆசானும் அவனே.

அந்நாட்களில் அவன் வாயில் ஓயாது ஒலித்த பெயர் ஷோஹெய் ஓட்டானி. அவர் ஜப்பானியர், பந்தெறிவதிலும் மட்டை பிடிப்பதிலும் ஒருங்கே முதல் தரத்தில் நிற்பவர். கலிபோர்னியாவிலுள்ள ஏஞ்சல்ஸ் அணியில் 2018 முதல் ஆறு பருவங்கள் ஆடி முடித்திருந்தார். ஆறு ஆண்டுகள் ஆடிய ஒருவர், ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியுடனும் பேசிக்கொள்ளலாம் என்பது அங்குள்ள விதி. அவ்வாறு விடுபட்டவரை ‘ஃப்ரீ ஏஜெண்ட்’ என்கிறார்கள். அவரை அடைய லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ், டொராண்டோ புளூ ஜேஸ் முதலிய அணிகள் போட்டியிட்டன.

“நம் ஊர் ஐ.பி.எல். ஏலம் போலத்தானே?” என்று கேட்டேன். பேரன் தலையை அசைத்து மறுத்தான். அவன் சொன்னது சரியே. அதே டிசம்பர் 19-ஆம் நாள் துபாயில் நடைபெற்ற ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க்கைக் கொல்கத்தா அணி 24.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அங்கே சுத்தியல் விழுந்த இடத்துக்கு வீரர் போயாக வேண்டும். அமெரிக்க முறையிலோ அணிகள் தத்தம் தொகையை வீரரின் முகவரிடம் மறைவாகத் தெரிவிக்கின்றன. அதிகம் தருபவரிடந்தான் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தேர்ந்தெடுப்பவர் வீரரே. எல்லாம் திரைமறைவில் நடப்பதனால் ரசிகர்களுக்கு ஊகமே உணவாகிறது. “ஐம்பது கோடி டாலர்”, “இல்லை, அறுபது” என்று பள்ளிச் சிறுவர்களும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. பள்ளியிலிருந்து வந்த பேரன் காலணியைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடிவந்தான். ஓட்டானி டொராண்டோவுக்குப் புறப்பட்டுவிட்டார் என்று செய்தி பரவியிருந்தது. தென் கலிபோர்னியாவிலிருந்து டொராண்டோவை நோக்கி வந்த ஒரு தனி விமானத்தைக் கைப்பேசித் திரையில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். புளூ ஜேஸ் அணியில் இருந்த ஜப்பானிய வீரர் கிகுச்சி, ஆட்டரங்கின் அருகே ஓர் உணவகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு விருந்து ஏற்பாடு செய்திருக்கிறாராம்! வதந்திக்குக் கால் முளைத்தது போதாதென்று சிறகும் முளைத்துவிட்டது.

விமானம் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்னும் கனடா நாட்டுத் தொழிலதிபர். தம் குடும்பத்தாருடன் ஊர் திரும்பியிருந்தார். ஓட்டானியோ கலிபோர்னியாவைவிட்டு நகரவே இல்லை.

மறுநாள் அவரே தம் முடிவை வெளியிட்டார். டாட்ஜர்ஸ் அணி, பத்து ஆண்டுகள், 70 கோடி டாலர். நம் கணக்கில் ஏறத்தாழ 5,800 கோடி ரூபாய். பேரன் கண்கலங்கி, “துரோகி, தாத்தா! பணத்தாசை பிடித்தவன்!” என்றான். ஆண்டுக்கு 7 கோடி டாலரில் 6.8 கோடியை அவர் அப்போது பெறப்போவதில்லை. அது 2034 முதல் 2043 வரையிலான ஆண்டுகளில் கொடுக்கப்படும். அதனால் மற்ற நல்ல வீரர்களைச் சேர்க்க அணிக்கு வசதி உண்டாகும் என்னும் விவரம் விரைவிலேயே தெரியவந்தது. அதை எடுத்துச் சொல்லியும் சிறுவன் மனம் ஆறவில்லை. “அப்படியானால் இங்கேயே வந்திருக்கலாமே” என்றான். அதற்கு என்னிடம் விடையில்லை.

அன்றிரவு பேரன் உறங்கியபின் என் மகன் பழைய கதை ஒன்றைச் சொன்னான். முற்காலத்தில் பேஸ்பால் வீரனை ஓர் அணி ஒருமுறை எடுத்துவிட்டால், ஒப்பந்தம் முடிந்தாலும் விடாது. வைத்துக்கொள்வதும் வேறு அணிக்கு மாற்றுவதும் முதலாளியின் உரிமை. பிடிக்காதவன் ஆட்டத்தையே துறக்க வேண்டியதுதான். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃப்ளட் என்னும் கறுப்பின வீரரை 1969-இல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். தம்மைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு பண்டமல்ல என்று எழுதிவிட்டு, அவர் வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐவர் எதிராகவும் மூவர் ஆதரவாகவும் தீர்ப்பளிக்க, அவர் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் 1975 டிசம்பர் 23-ஆம் நாள் பீட்டர் சைட்ஸ் என்னும் மத்தியஸ்தர், மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இருவர் வழக்கில் வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தக் கட்டு அறுந்தது. இன்றைய கோடிகளுக்கெல்லாம் வாயில் திறந்தது அன்றுதான்.

1975 டிசம்பர் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மாதத்தில்தான், பம்பாயில் ஒரு நிறுவனத்தில் கணக்கராயிருந்த எனக்கு, வேறொரு நிறுவனம் 120 ரூபாய் கூடுதலாகத் தர முன்வந்தது. வேலையில் சேர்ந்த நாளில் என் அசல் சான்றிதழ்களை ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கி வைத்துக்கொண்ட மேலாளர் அவற்றைத் திருப்பித் தரவில்லை. தொலைபேசியை எடுத்து அந்த நிறுவனத்தாரிடம் இரண்டு வார்த்தை பேசினார். ஒருவர் ஆளை மற்றவர் எடுப்பதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்ததாம். 1992-இல் நிறுவனம் மூடப்படும் வரையில் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தேன்.

இதை நான் மகனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் வேறொன்று நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது. 2008-இல் அவன் டொராண்டோ வேலைக் கடிதத்துடன் என் முன் வந்து நின்றபோது நான் முதலில் கேட்டது, “எவ்வளவு தருகிறான்?” என்பது. அவன் தொகையைச் சொன்னான். “இங்குள்ளவன் கூட்டித் தரமாட்டானா?” என்றேன். அதற்கும் அவன் இசையாதபோது, “பெற்றவர்களை டாலருக்கு விற்றுவிட்டாய்” என்று சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பேரன் சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சிறகொடிக்கப்பட்டவனே சிறகை ஒடிக்கக் கை ஓங்கினேன்.

“அப்போது கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நீ ஏன் வந்தாய்?” என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, “சம்பளம் பெரிய காரணம் இல்லை, அப்பா. நீங்கள் மாலையில் வீடு திரும்பினால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். மறுநாளும் அதை மாட்டிக்கொண்டு அங்கேயே போகவேண்டுமே என்பதுபோல இருக்கும். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகக்கூடிய வேலை வேண்டும் என்று சிறுவயதிலேயே நினைத்துக்கொண்டேன்” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை மூட்டிக் காப்பி போட்டேன். இருவரும் குடித்தோம். பதினைந்து ஆண்டுகளாக எங்களுக்கிடையே கிடந்த ஒரு கல் அன்று நகர்ந்தது.

2025 அக்டோபர் 24-இல் அவ்விரு அணிகளே இறுதித் தொடரில் மோதின. டொராண்டோவில் நடந்த முதல் ஆட்டத்தில் புளூ ஜேஸ் 11-4 என்று வென்றது. ஓட்டானி மட்டை பிடிக்க வந்தபோது, ‘நீ எங்களுக்கு வேண்டாம்’ என்று அரங்கம் முழுவதும் முழங்கியது. நான் மும்பையிலிருந்து பேரனைத் தொலைபேசியில் அழைத்து, “நீயும் கத்தினாயா?” என்றேன்.

“வீட்டிலிருந்தபடியே கத்தினேன், தாத்தா. ஆனால் உண்மையிலேயே வேண்டாம் என்றால் எதற்காகக் கத்தவேண்டும்?” என்றான்.

தொடரின் ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில், 5-4 என்று டாட்ஜர்ஸ் வென்றது. பேரனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகள் நம்மை விட்டும் போகிறார்கள். அவர்கள் கையில் ஒரு கடிதத்துடன் வந்து நிற்கும் நாளில் தொகையைக் கேட்பதில் தவறில்லை. அதை இரண்டாவதாகக் கேட்டால் போதும்.