பலூன் துப்பாக்கியும் வேடந்தாங்கல் கவுலும்

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மணலில் இறங்கினால், பஜ்ஜி வாசனைக்கு நடுவே பலகை நிறைய பலூன்கள் படபடக்கும். காசு கொடுத்ததும் கடைக்காரர் குழலை மடக்கி, குட்டியூண்டு ஈய ரவையைத் திணித்து ஏர் கன்னைக் கையில் தருவார். அப்பா சுட்டால் இரண்டு உடையும். மகள் சுட்டால் ஏழு உடையும். "குறிமுள் கோணலா இருக்கு" என்று அப்பா சமாளிப்பார். அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. கடல் காற்றில் பல வருஷம் உழைத்த துப்பாக்கியில் நேராக எது மிஞ்சும்?

கடைகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்பிரிங் ரகம். குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ள, அழுந்திய காற்று ரவையை வீசும். பம்ப் ரகம் வேறு. குழலுக்கு அடியில் இருக்கும் கைப்பிடியை சைக்கிள் பம்ப் மாதிரி பல தடவை அடித்துக் காற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். தாத்தா காலத்து பம்ப் துப்பாக்கி ஒன்று பரணிலிருந்து இறங்கினால் வீடே கூடிவிடும். அதற்கு விலை பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரக்கட்டையின் பளபளப்பை அல்ல, வாஷரை. ரவை போடாமல், பாதுகாப்பான பக்கம் குழலைத் திருப்பி, மூன்று நான்கு தடவை பம்ப் அடித்துச் சில நிமிடம் விட்டுவிட்டுச் சுட்டால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும். வெறும் 'புஸ்' என்றால் காற்று எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

பழையவற்றில் பல தோல் வாஷர்கள். எண்ணெய் வற்றினால் தோல் காய்ந்து சுருங்கும். சில சொட்டு விட்டால் மறுபடி உப்பும். அதற்காகக் கையில் கிடைத்த எண்ணெயை எல்லாம் ஊற்றக் கூடாது. காற்று அழுந்தும் சூட்டில் சில எண்ணெய்கள் டீசல் இன்ஜின் போல உள்ளேயே பற்றிக்கொள்ளும். ஸ்பிரிங் ரகத்தை மடக்கிய நிலையிலேயே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ரவை இல்லாமல் சுட்டுக்கொண்டே இருந்தால் பிஸ்டன் முட்டிக் கெடும். கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: விரல் பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பது. உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் இரும்பைச் சொறி பிடிக்க வைத்துவிடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு (.177 அங்குலம்) மேல் குழல் அகலமோ, 20 ஜூலுக்கு மேல் வேகசக்தியோ இருந்தால் ஏர் கன்னுக்கும் உரிமம் தேவை. வெளிநாட்டுப் பழைய பம்ப் துப்பாக்கிகளில் பல .20, .22 அளவில் வந்தவை. 'காற்றுத் துப்பாக்கிதானே' என்று வாங்கினால் வம்பு வீட்டுக்கே வரும்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சோறு வாங்கித் தின்ற ஊர். இப்போது அவை வருவதில்லை. செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போய், படாளம் அருகே பிரிந்தால் வேடந்தாங்கல். துப்பாக்கிக் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் சிலர் இந்த ஏரியில் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை அந்த ஊருக்கே என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. கும்பினியின் ஆட்சியில், கும்பினியின் சிப்பாய்க்கு எதிராகவே கும்பினி அதிகாரியிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றால், அந்தக் குடியானவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது! அன்பு மட்டும் காரணமில்லை, கணக்கும் உண்டு. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் கரைந்து, அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. குஞ்சுகள் மிரளும் என்று இன்றும் இங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

ஏர் கன்னால் பறவைப் பித்தரானவரும் உண்டு. சலீம் அலி சிறுவனாக பம்பாயில் தன் ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று கேட்கப் போனவர், இந்தியப் பறவையியலின் பெரிய பெயரானார். 2021-ல் அருணாச்சலப் பிரதேசத்தில் வீட்டு ஏர் கன்களை அரசிடம் ஒப்படைக்கும் இயக்கமே தொடங்கியது. ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். இரை தேடப் போன நாரையும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் மாலை நேரமாகப் பார்த்துப் போங்கள். பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து இறங்கிய துப்பாக்கி காரின் டிக்கியில் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவது குற்றம்.