உப்புக்காற்றும் ஒரு பழைய எஞ்சினும்

யாப்பும் அணியும் கற்பிக்கும் தமிழாசிரியர், விழா மலரொன்றில் மோட்டார் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். ஆயினும், இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் கைவினையும் ஒரு கல்வியே. ஏட்டில் எழுதப்படாமையால் அதனைக் கல்வியென மதியாதார் பலர். எமக்கு அதன் பெருமையை உணர்த்தியது எமது தந்தையாரின் மொரிஸ் மைனர் பிக்கப் வண்டி.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது; 1953இல் அதன் பிக்கப் வகை தோன்றிற்று. எமது வண்டியிலுள்ளது 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் எஞ்சின். ‘ஏ வரிசை’ எனப்படும் இக்குடும்பத்து எஞ்சின்கள் 1951 முதல், கடைசி மினிக் கார் வெளிவந்த 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டன. மைனரின் உற்பத்தி 1971இல் முடிவுற்றபோதிலும், இலங்கையில் அதன் ஆயுள் முடியவில்லை. பிற்காலத்தில் இங்கே செய்யப்பட்ட மைனர் உதிரிப்பாகங்கள், அது பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், மன்னார்ப் பெருநிலப்பரப்புக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வடபகுதியெங்கும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தலைப்பட்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்கு ஊட்டி, எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, அடித்தொட்டி எண்ணெயை நீர்க்கச் செய்யும். வால்வுகளிலே கரி படியும். இவையனைத்தையும் ஒருவாறு தாங்கவல்லனவாயிருந்தவை அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே. எமது தந்தையார் அடம்பனிலிருந்து மடுவரை இடம்பெயர்ந்தோரின் மூட்டைமுடிச்சுகளை ஏற்றினார். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றினார். வண்டி நடுவழியில் நின்றால் ஓருயிர் போகக்கூடும் என்ற நிலையில், எஞ்சினைப் பேணுதல் அவருக்குப் பொழுதுபோக்காயிருக்கவில்லை. இரவு விளக்கொளியில் அவர் வால்வுகளின் கரியைச் சுரண்டுவதை நாம் சிறுவயதிற் கண்டிருக்கின்றோம்.

2007இன் இறுதியில் நாம் ஊரைவிட்டு வெளியேறினோம். வண்டி கொட்டிலிலேயே நின்றது. தந்தையார் அதனை மீண்டும் காணவில்லை. போர் முடிந்து மீள்குடியேறியபோது கொட்டிலின் கூரை போயிருந்தது, வண்டி நின்றது, எஞ்சின் இறுகியிருந்தது. பழைய இரும்பு வாங்குவோர் பன்முறை வந்து விலை கேட்டனர். எம் தாயார் இசையவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வண்டிகளின் விலையும் ஏறியபோது, இதனை மீட்பதென முடிவுசெய்தோம். தள்ளாடியிலிருந்து தாம்போதி வழியே மன்னார்த் தீவுக்கு இழுத்துவந்து, முதிய மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தோம். பாடசாலை விடுமுறைகளில் அவருக்கு எடுபிடியாக நின்றோம்.

முதலிற் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பலநாள் ஊறவிட்டார். அவசரப்பட்டு வலிந்து சுழற்றினால் றிங்குகள் முறிந்துபோம் என்றார். தலையைக் கழற்றியபோது மூன்றாஞ் சிலிண்டரின் சுவர் துருவால் அரிக்கப்பட்டிருந்தது. நான்கையும் மறுதுளையிட்டு, அளவு கூடிய பிஸ்டன்கள் பொருத்தவேண்டியதாயிற்று. வால்வுகளைப் பசையிட்டு இருக்கைகளில் உரசினார். பின்னர்த் தலையைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி, ஒருதுளியும் கசியாமை கண்டபின்னரே ஏற்றுக்கொண்டார். தலையின் நட்டுகளை நடுவிலிருந்து புறநோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கினார். வால்வு இடைவெளியை 0.012 அங்குலமாகவும், பிளக் இடைவெளியை 0.025 அங்குலமாகவும் வைத்தார். அளவுகோலை அவர் பிடித்த பின்னரே எம் கையிலும் தருவார். கை உணரும்வரை விடமாட்டார்.

எம்மை மிகவும் கவர்ந்தது நான்கு சிலிண்டர்களும் எரியும் முறை. அது 1, 2, 3, 4 என்று செல்வதன்று; 1, 3, 4, 2 என்பதே அதன் ஒழுங்கு. முதலாவதும் நான்காவதும் ஒருங்கே ஏறுகையில், இரண்டாவதும் மூன்றாவதும் ஒருங்கே இறங்கும். அரைச்சுற்றுக்கு ஒருமுறை ஒன்று எரியவேண்டும். அடுத்தடுத்த இரண்டினிடையே தளை பிழையாதிருந்தாலன்றி வெண்பா செப்பலோசை பெறாததுபோல, இவ்வொழுங்கு பிறழ்ந்தால் எஞ்சினும் ஓசை கெட்டுத் திணறும். மாணவர்க்கு யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது இந்த நான்கு எண்களையும் நாம் கரும்பலகையில் எழுதுவதுண்டு.

மீட்டலினும் பேணல் அரிது. சோளகக் காற்று உப்பையும் மணலையும் ஒருங்கே சுமந்து வருகின்றது. 2020 டிசம்பரில் மன்னாரில் தொடங்கிய தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான், எமது வண்டியின் அடிச்சட்டத்தையும் மின்கம்பி முனைகளையும் அரிக்கின்றது. ஆகையாற் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவுதல் வேண்டும்; மின்முனைகளுக்குக் கிறீஸ் பூசுதல் வேண்டும். உவர்க்கிணற்று நீரை றேடியேற்றரில் ஊற்றினால் உட்புறத்திற் சுண்ணம் படிந்து சூடு தணியாது. மாரிமழை நீரைத் தொட்டியிற் சேர்த்துவைத்து அதனையே ஊற்றுகின்றோம். எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து, நறுநறுவென்றால் உடனே மாற்றுகின்றோம்.

இத்தனையும் அறிந்த அம்முதியவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்தப் பெயரிங் தேய்ந்ததெனச் சொல்லவல்லவர். அவருடைய மக்கள் வெளிநாட்டில் வாழ்கின்றனர்; பட்டறையில் மாணாக்கர் ஒருவருமிலர். பாடசாலைகளில் 2013இல் உயர்தரத் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது நன்றே. எனினும், கையிற் கிறீஸ் பட்டாற் கல்வி குறைந்ததென எண்ணும் மனம் பெற்றோரிடத்தும், ஏன், ஆசிரியராகிய எம்மவரிடத்தும் இன்னும் அகலவில்லை. அவர் சொல்வனவற்றை நாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகின்றோம். ஆனால் ஓசையை எவ்வாறு எழுதுவது? அதனை ஒரு காதிலிருந்து மற்றொரு காதுக்கே கொடுத்தல் கூடும்.

எனவே பழைய மாணவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. உங்களுட் பொறியியலாளர் உளர். பட்டறை உடையோரும் உளர். விடுமுறைதோறும் எம் மாணவர் இருவரையேனும் அருகில் நிறுத்தி, அளவுகோலை அவர்கள் கையிற் கொடுங்கள். மாணவர்காள், அழைப்பு வரும்வரை காத்திராதீர்கள். மன்னார் நகரிலுள்ள அம்முதியவரின் பட்டறை காலை ஏழு மணிக்குத் திறக்கின்றது. எடுபிடி வேலைக்கு அங்கே இடம் உண்டு.