அவலும் அடையும்

வீட்டில் பியர் தயாரிப்பதைப் பற்றி எழுத இராஜபாளையத்தாருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூராருக்கும் என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி அதைச் செய்வது இங்கே குற்றம், நாங்கள் செய்ததுமில்லை. கூழ் காய்ச்சும் வீடுகளில் வளர்ந்தோம், பெரும்பாணாற்றுப்படையைக் கூடியிருந்து வாசித்தோம். எங்கள் தகுதி அவ்வளவே.

சட்டம் இடந்தரும் நாடொன்றில் வீட்டிலேயே பியர் தயாரிக்கும் எங்கள் நண்பர், முளைகட்டிய பார்லியோடு நம்மூர் அரிசியைச் சேர்க்கலாமா என்று தொலைபேசியில் கேட்டார். சேர்க்கலாம். ஆனால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் முளைகட்டாத அரிசியில் போதிய அளவு இல்லை. பார்லி முளையிடம் கடன் வாங்கவேண்டும். முளை ஊறும் வெந்நீரின் சூடு ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ். பலவகை அரிசிகளின் மாவு அந்தச் சூட்டில் இளகுவதில்லை, இளகாத மாவின்மேல் நொதி எளிதில் வேலை செய்வதுமில்லை. ஆகவே அரிசியைத் தனியே குழைய வேகவைத்த பிறகே சேர்க்கவேண்டும். அவலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு இடிக்கும்போதே அதன் மாவு வெந்துவிடுகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில்தான் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதி எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆற்றி, அதன்பின் அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிடுகிறார்கள். முளையை இடித்துச் சேர்த்த அடை என்கிறது உரை. கொதிக்கும் களியில் முளையைக் கொட்டினால் நொதி அழிந்துபோகும். எனவே, ஆற்றுவதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வெறும் அழகுக்காகச் சொன்னார் என்று நாங்கள் நம்பத் தயாரில்லை. சங்ககாலக் கள் என்றாலே பனையும் தென்னையும்தான் என்று மேடையில் முழங்குவோர் அந்த ஏழெட்டு அடிகளை ஒருமுறை படிக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் கேப்பைக் கூழிலும் இதன் சாயல் உண்டு. கரைத்த மாவை இரவு முழுதும் புளிக்கவிட்டு, மறுநாள் வெந்த நொய்யில் ஊற்றிக் கிளறுவார்கள். ஆனால் அதில் முளையில்லை. புளிப்பைத் தருபவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். கூழை மதுவின் வாரிசு என்பது மிகை. அந்தச் சாடியில் என்ன சுவை விளைந்தது என்பதை எங்கள் கூழ்ப்பானையைக் கொண்டு அறியமுடியாது.

நண்பர் ஆர்வமாகிவிட்டார். முளைக்கக்கூடிய நெல் அவருக்கு அங்கே கிடைக்கவில்லை. பார்லி முளையையும் அவலையும் வைத்து முதலில் பார்க்கிறேன் என்றார். நல்லது, ஆனால் அது உருத்திரங்கண்ணனாரின் சாடியாகாது என்று சொல்லியிருக்கிறோம்.