என்ஜின் எங்கே என்று கேளுங்கள்

1967 தேர்தலில் காமராசர் விருதுநகரில் தோற்காமல் இருந்திருந்தால் நாடு எப்படி இருந்திருக்கும்? எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு இன்றைக்கும் வரும். வித்தியாசம் 1,285 வாக்கு. அதில் பாதிப் பேருக்கு மேல் மனசு மாறிக் குத்தியிருந்தால் போதுமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். அங்கிருந்து டெல்லி வரைக்கும் போய்த் திரும்புவோம். அந்தப் பேச்சில் ஒரு ஆறுதல் இருக்கிறது. நடந்ததை மாற்ற முடியாத வயதில், நடக்காததையாவது நினைத்துப் பார்க்கலாம் அல்லவா?

என் பேரனும் அவன் கூட்டாளிகளும் கொண்டுவரும் கேள்வி வேறு. இரண்டாம் உலகப் போர் விமானங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டி விளையாடுகிற பிள்ளைகள். "தாத்தா, அந்த மெஸ்ஸர்ஷ்மிட் 262 மட்டும் ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா ஜெர்மனிக்காரன் ஜெயிச்சிருப்பான்ல?" நான் விமானப்படையில் என்ஜின் பிட்டராக இருந்தவன். அதனால் தீர்ப்புக்கு என்னிடம் வருகிறார்கள். ஆமத்தூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பெர்லினுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்று நினைக்கிறவன் நான். அதனால் முழுதாகவே சொல்கிறேன்.

அவர்கள் படித்த கதை இதுதான். மெஸ்ஸர்ஷ்மிட் 262 உலகத்தில் முதன்முதலாகப் போருக்கு வந்த ஜெட் சண்டை விமானங்களில் ஒன்று. 1942 ஜூலை 18-ல் ஜெட் என்ஜினோடு பறந்துவிட்டது. 'இதைக் குண்டு வீசும் விமானமாக மாற்று' என்று இட்லர் பிடிவாதம் பிடித்தார், அதில் காலம் போய்விட்டது, இல்லாவிட்டால் வானம் ஜெர்மனியின் கையில். ஒரு மனிதனின் முட்டாள்தனத்தால் ஒரு பெரிய யுத்தம் தோற்றது என்று முடிகிற கதை.

இட்லர் அப்படிக் கேட்டது உண்மை. ஆனால் விமானம் காத்துக் கிடந்தது அவருக்காக அல்ல, என்ஜினுக்காக. யூமோ 004 என்ற அந்த என்ஜினின் டர்பைன் பிளேடு செக்கச்சிவக்கச் சூடாகும். அந்தச் சூட்டில் உருகாமல், நீளாமல், முறியாமல் சுற்ற வேண்டுமானால் எஃகில் நிக்கலும் குரோமியமும் தாராளமாகச் சேர வேண்டும். போரில் சிக்கிய ஜெர்மனியிடம் அவை போதுமான அளவு இல்லை. சாதா இரும்புத் தகட்டில் எரிகலனைச் செய்து, துருப்பிடிக்காமல் இருக்க அலுமினியம் பூசினார்கள். பிளேடின் உள்ளைக் குடைந்து காற்றைச் செலுத்திக் குளிரவைத்தார்கள். கெட்டிக்காரத்தனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த என்ஜின் பத்து மணி நேரத்திலிருந்து இருபத்தைந்து மணி நேரம் வரைதான் தாங்கியது. என்ஜினைக் கழற்றி மாட்டிக் கை காய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பயிற்சி விமானிக்குக்கூடப் போதாத ஆயுசு. மொத்தம் 1,400-க்கு மேல் விமானம் கட்டினார்கள், சண்டைக்குப் போனது சில நூறுதான். 1944 மே மாதத்திலிருந்து அமெரிக்கர்கள் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குறிவைத்து அடித்தார்கள். விமானம் இருந்தது, ஊற்ற எண்ணெய் இல்லை, ஓட்டப் பழகிய கை இல்லை. அதே வருசம் ஜூலையில் பிரிட்டனின் மீட்டியார் ஜெட்டும் களத்துக்கு வந்துவிட்டது. நம் பக்கத்தை மட்டும் ஒரு வருசம் முன்னால் தள்ளிவைத்துவிட்டு, எதிராளி சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருப்பான் என்று நினைப்பதுதான் இந்த மாதிரிக் கணக்குகளில் நடக்கிற பெரிய பிசகு.

பிள்ளைகளிடம் அழுத்தமாகச் சொன்ன விஷயம் இன்னொன்று உண்டு. ஆஸ்திரியாவில் குசன் என்ற வதைமுகாம். மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, அதற்குள்ளே இந்த 262-ன் உடல் பகுதிகளைச் செய்யவைத்தார்கள். செய்தவர்கள் கைதிகள். பட்டினியிலும் அடியிலும் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். விளையாட்டில் பளபளவென்று தெரிகிற அந்த விமானத்தை ஒரு வருசம் முன்னால் கொண்டுவர ஆசைப்படுகிறவன், அந்தச் சுரங்கத்தையும் ஒரு வருசம் முன்னால் தோண்ட ஆசைப்படுகிறான். அதோடு, அமெரிக்கா அணுகுண்டு செய்யத் தொடங்கியதே ஜெர்மனியை நினைத்துத்தான். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஆகஸ்டில் குண்டு ஹிரோஷிமாவில் விழுந்தது. ஜெர்மனி இன்னும் நாலு மாதம் தாக்குப்பிடித்திருந்தால்? அந்தக் கேள்வியையும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பையன்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் போரின் இரண்டு பக்கமும் நம்மூர் வரைக்கும் வந்து சேர்ந்தன. சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அங்கே துறைத் தலைவர் வால்டர் ரெபந்தின் ஒரு ஜெர்மானியர். காற்றியக்கவியல் சொல்லிக்கொடுத்த ஸ்பாண்டர் ஆஸ்திரியர், நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டிருந்தவர். ஜெர்மானியர்கள் என்றாலே அவருக்கு ஆகாது என்று கலாம் தம் நூலில் எழுதியிருக்கிறார். ராமேசுவரத்துப் பையன் இரண்டு பேரிடமும் படித்தான். ஜெர்மனி ஜெயித்திருந்தால் ஸ்பாண்டர் உயிரோடு சென்னை வந்திருப்பாரா?

இன்னொருவரும் வந்தார். குர்ட் டாங்க். 1939 ஜூன் 1-ல் முதலில் பறந்த ஃபோக்கே-வுல்ஃப் 190 அவருடைய வடிவமைப்பு. பிரிட்டிஷ் விமானிகளைத் திகைக்கவைத்த விமானம் அது. அவருடைய நிறுவனமும் அடிமை உழைப்பில் வேலை வாங்கியதுதான், அதை ஒதுக்கிவிட்டு அவர் திறமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. போர் முடிகிற நேரத்தில் டி.ஏ. 183 என்று ஒரு பின்சாய்வு இறக்கை ஜெட்டைத் தாளில் வரைந்து வைத்திருந்தார், கட்ட நேரமில்லை. 'இது மட்டும் பறந்திருந்தால்' என்று பையன்கள் அதிகம் உருகுவது அதற்காகத்தான். அவர்களுக்கு நான் சொல்வேன்: அதன் சாயல் பறந்துதான் இருக்கிறது. டாங்க் அர்ஜென்டினாவுக்குப் போனார். அங்கே 1950-ல் புல்குயி 2 என்ற ஜெட் பறந்தது. 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த வருசம் டாங்க் தம் ஆட்களோடு பெங்களூர் எச்.ஏ.எல். விமான ஆலைக்கு வந்துவிட்டார்.

அங்கே பிறந்ததுதான் எச்.எஃப். 24 மாருத். பிற்பாடு நான் ஜோத்பூரில் வேலை பார்த்த விமானம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

முதலில் அதே அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கயிறு கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17-ல் சுரஞ்சன் தாஸ் என்ற டெஸ்ட் பைலட் அசல் மாருத்தைப் பெங்களூரில் கிளப்பினார். ஐந்தே வருசத்தில், ஜெட் விமானம் வடிவமைத்துப் பழக்கமில்லாத ஒரு நாட்டில்! கூர்மையான மூக்கு, பின்னால் சாய்ந்த இறக்கை. வெயிலில் ஓடுதளத்தின் ஓரம் வரிசையாக நின்றால் கண்ணை எடுக்க முடியாது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் என்பதுதான் விமானப்படை கேட்டது. அதற்கு இரண்டு என்ஜின், ஒவ்வொன்றும் 8,000 பவுண்டுக்கு மேல் தள்ளுவிசை தர வேண்டும். நம்பியிருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்ற என்ஜினை. பிரிட்டன் அந்த என்ஜினைக் கைவிட்டது. நீங்கள் பணம் போட்டால் முடித்துத் தருகிறோம் என்றார்கள், சுமார் 30 லட்சம் பவுண்டு. நம் அரசு போடவில்லை. கடைசியில் கைவசம் இருந்த ஆர்ஃபியஸ் 703-ஐ மாட்டினோம். அதன் தள்ளுவிசை 4,850 பவுண்டு.

எங்கள் ஊரில் ராக்கெட் வெடி செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சிவகாசியில் எவ்வளவு அழகான லேபிள் அச்சடித்து ஒட்டினாலும், குழாய்க்குள்ளே அடைத்த மருந்து எவ்வளவோ அவ்வளவு உயரம்தான்.

அதற்குப் பிறகு என்ஜின் தேடி அலைந்த கதை நீளமானது. ரஷ்ய என்ஜின் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எகிப்தில் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர் ஒரு என்ஜின் செய்துகொண்டிருந்தார், மாருத் ஒன்றை அங்கேயே அனுப்பி அதில் அந்த என்ஜினை மாட்டி 1967-ல் பறக்கவிட்டார்கள். 1969-ல் எகிப்தின் திட்டம் நின்றுபோனது. இருக்கிற ஆர்ஃபியஸிலேயே ஆஃப்டர்பர்னர் பூட்டி விசையைக் கூட்டப் பார்த்தார்கள். அந்த விமானத்தை 1970 ஜனவரி 10-ல் ஓட்டிய சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் அவர் யார் என்று தெரிந்துகொண்டு போனால் எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

பலமில்லாத என்ஜினோடும் அந்த விமானம் நம்மைக் கைவிடவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாழப் பறந்து தரைப்படைக்குத் துணை நின்றது. தரையிலிருந்து சுட்டதில் ஒரு என்ஜின் போய், மற்றொன்றோடு விமானி திரும்பி வந்தது மூன்று தடவை நடந்தது. எதிரி விமானத்தோடு நடந்த சண்டையில் ஒரு மாருத்தும் விழவில்லை. கே.கே. பக்சி என்பவர் மாருத்திலிருந்தே சேபர் என்ற எதிரி ஜெட் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். நான் அப்போது அங்கே இல்லை. பிறகு மாற்றலாகிப் போனபோது மூத்த பிட்டர்கள் ஒவ்வொரு விமானத்தின் வால் எண்ணையும் காட்டி அதன் கதையைச் சொன்னார்கள். மொத்தம் 147 கட்டினோம். 1990-க்குள் எல்லாவற்றையும் ஓய்வெடுக்கவைத்துவிட்டார்கள்.

'இருந்திருந்தால்' என்று கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எதைக் கேட்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். இட்லர் குறுக்கே வராவிட்டால் என்று கேட்கிறவனுக்கு மறுநாள் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. அந்த 30 லட்சம் பவுண்டைப் போட்டு, நம் ஆட்களையும் கூடவே உட்காரவைத்து என்ஜின் கற்றிருந்தால் என்று கேட்கிறவனுக்கு வேலை இருக்கிறது. 2001-ல் நம் தேஜஸ் போர் விமானம் முதலில் பறந்தபோதும் அதில் இருந்தது அமெரிக்க என்ஜின். நம்முடைய காவேரி என்ஜின் அதற்குப் பொருந்துகிற அளவுக்கு வரவில்லை. நாற்பது வருசம் கழித்தும் அதே இடத்தில் அதே கேள்வி.

இந்த 'இருந்திருந்தால்' பேச்சை நான் விமானத்தில் மட்டும் பார்த்ததில்லை. எங்கள் வட்டாரத்தில் பட்டாசு ஆலை வெடித்துச் சாவு விழுந்த வீட்டுக்குப் போகாத குடும்பம் குறைவு. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல் போனார்கள், புகையைப் பார்த்துக் காப்பாற்றப் போனவர்களும் அதில் உண்டு. துக்க வீட்டில் பெண்கள் அழும்போது வருகிற பேச்சு எப்போதும் ஒன்றுதான்: அன்னைக்கு மட்டும் லீவு போட்டிருந்தா, பஸ்ஸை விட்டிருந்தா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்டுல இருந்திருந்தா. அழுகிறவர்கள் அப்படித்தான் அழுவார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. துக்கம் கேட்கப் போன நாமும் அதையே சொல்லிவிட்டு எழுந்து வருவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். ஓர் அறைக்கு நாலு பேர்தான் என்று விதி இருக்கிறதே, எத்தனை பேர் இருந்தார்கள்? கலந்த மருந்து எவ்வளவு கிடந்தது? உச்சி வெயிலில் யார் வேலையை ஓட்டச் சொன்னது? இவற்றைக் கேட்டால் சில பேருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்திருக்கிறது வசவு. ஆனால் அடுத்த சாவைத் தடுக்கிற 'இருந்திருந்தால்' இதுதான், விதியின் மேல் போடுவது அல்ல.

பேரனின் கூட்டாளிகளில் ஒரு பையன் பிளஸ் டூ படிக்கிறான். அப்பா அச்சகத்தில் வேலை. விமானம் வடிவமைக்கப் போகிறேன் என்கிறான், நோட்டு முழுக்க இறக்கைகளாக வரைந்து வைத்திருக்கிறான். நன்றாகவே வரைகிறான். நீ ஏன் டர்பைன் பிளேடு பக்கம் போகக் கூடாது என்று கேட்டேன். முழு பிளேடும் ஒரே படிகமாக வார்ப்பது எப்படி, யூமோவின் இருபத்தைந்து மணி நேரம் இன்றைக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆனது எப்படி என்று எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். ஐதராபாத்தில் நம் பாதுகாப்பு உலோக ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக அந்த மாதிரி 60 பிளேடுகளைச் செய்து 2021-ல் எச்.ஏ.எல்.லுக்குக் கொடுத்திருக்கிறது. பாதை திறந்துதான் இருக்கிறது, நடக்க ஆள் வேண்டும். அதற்கு என்ன படிக்க வேண்டும் தாத்தா என்றான். உலோகவியல் என்றேன். திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. அவன் அப்பாவிடம் பேச ஞாயிற்றுக்கிழமை நானே வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.