மெய்நிகர் நினைவகமும் நின்றுபோகும் கணினியும்

கணினியின் ரேமையும் வன்தட்டின் ஒரு பகுதியையும் சேர்த்து, நிரல்களுக்கு ஒரே நினைவகமாகக் காட்டும் ஏற்பாடே மெய்நிகர் நினைவகம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962இல் தொடங்கி வைக்கப்பட்ட அட்லஸ் கணினி இதற்கு முன்னோடி. அதன் விரைவு நினைவகத்தில் 48 பிட் அலகுகள் 16,384 மட்டுமே அடங்கும். காந்த உருளையில் 98,304 அடங்கும். தரவை 512 அலகுகள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, வேண்டியதை உள்ளே கொண்டுவந்து வேண்டாததை வெளியே வைத்தது அட்லஸ். இன்றைய விண்டோஸ் கணினியும் இதையே செய்கிறது. ஒரு பக்கத்தின் அளவு பொதுவாக 4 கே.பி.; வெளியே வைக்கும் இடத்துக்குப் பேஜ் ஃபைல் என்று பெயர்.

ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தமே நிரல்களுக்குக் கணினி தரக்கூடிய நினைவகத்தின் உச்சவரம்பு. அந்த வரம்பு தீர்ந்தால் புதிய கோரிக்கைகள் மறுக்கப்படும். உலாவி மூடிக்கொள்ளும், சேமிக்காத கோப்பு போய்விடும், சில வேளை கணினியே உறைந்துவிடும்.

மலேசியாவில், ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், கெமாஸ்–ஜொகூர் பாரு ரயில் பாதையில், தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ரெங்கம். 2020 மார்ச் 18இல் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், மலேசியாவின் மற்ற இடங்களைப் போல அங்கும் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் காணொலி வகுப்பும் பத்து உலாவிப் பக்கங்களும் ஒருசேரத் திறந்தால் வரம்பு விரைவில் நெருங்கிவிடும். அக்கா, தம்பி, அப்பா என்று எல்லாரும் ஒரே கணினியை நம்பியிருக்கும் வீட்டில் அது பாதியில் நின்றால், ஒரு பிள்ளையின் பாடம் அங்கேயே அறுந்துபோகும். புதிய கருவி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்குச் செலவில்லாத ஒரு திருத்தம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி.

பேஜ் ஃபைலின் அளவு அமைப்பை மாற்றுவதே அந்தத் திருத்தம். அதற்கு முன் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியில் 'கமிட்டட்' என்ற இடத்தில் இரண்டு எண்கள் தெரியும்: முதலாவது பயன்பாடு, இரண்டாவது வரம்பு. முதல் எண் இரண்டாவதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நினைவகப் பற்றாக்குறை உறுதி. ஈவென்ட் வியூவரில் 2004 என்ற எண்ணுடன் வரும் எச்சரிக்கை, அதிகம் விழுங்கிய நிரல்களைப் பெயர் சொல்லிக் காட்டும். ஒரே நிரல் மணிக்கு மணி வீங்கினால் பழுது அந்த நிரலில்தான். வரம்பை உயர்த்துவது முடிவைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

பற்றாக்குறை உறுதியானால், சிஸ்டம் அமைப்புகளின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதற்குள் 'வர்ச்சுவல் மெமரி' என்று செல்ல வேண்டும். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விடுவதுதான் பெரும்பாலோருக்கு நல்லது. அப்போது பேஜ் ஃபைல் ரேமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜி.பி., இவற்றில் எது பெரிதோ அதுவரை வளரலாம். ஆனால் வட்டுப் பகுதியின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. வட்டில் இடமே இல்லையென்றால் அது வளரவும் முடியாது. ஆகவே பழைய காணொலிகளையும் வேண்டாத கோப்புகளையும் நீக்குவது முதல் வேலை. யாரோ முன்பு சிறிய அளவைக் கைப்பட நிர்ணயித்திருந்தால், தானியங்கு நிலைக்குத் திருப்பிக் கணினியை மறுபடி தொடங்கினாலே பல வேளைகளில் போதும்.

பேஜ் ஃபைலை அறவே நீக்கினால் வேகம் கூடும் என்ற அறிவுரையைப் பின்பற்றக் கூடாது. கணினி நிலைகுலைந்து நீலத்திரை வரும் தருணத்தில் விண்டோஸ் நினைவகத்தின் நிலையைப் பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் முதலில் எழுதுகிறது. அது இல்லாவிட்டால் பழுதுக்கான சான்றும் இல்லாமல் போகலாம்.

இந்தத் திருத்தம் இடம் தரும், வேகம் தராது. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி. சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்கப் பத்து மில்லி வினாடி அளவில் ஆகும். வித்தியாசம் லட்சம் மடங்கு. பக்கங்களை மாற்றுவதிலேயே கணினி காலம் கழிக்கும் நிலையை 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் ஆராய்ந்து விளக்கினார். அந்த நிலைக்கு மருந்து கூடுதல் ரேம், அல்லது ஒரே நேரத்தில் குறைவான நிரல்கள்.

வேறு சில அறிகுறிகளுக்கு இந்த அமைப்போடு தொடர்பே இல்லை. 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று நீலத்திரை காட்டினால், வட்டிலிருந்து பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். முக்கியக் கோப்புகளை உடனே நகலெடுத்துவிட்டு வட்டைச் சோதிக்க வேண்டும். ரேம் மீது ஐயம் இருந்தால் விண்டோஸின் நினைவகச் சோதனையை ஓடவிடலாம். பிற்பகல் இடிமழையின்போது கணினி எச்சரிக்கையின்றி அணைந்தால் மின்சாரத்தையும் மின்கலத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றும் முன் பழைய அளவைக் குறித்து வைத்தல். அதன்பின் சில நாள் வழக்கமான வேலையோடு கவனித்தல். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால், பழுது நினைவக வரம்பிலா, நிரலிலா, வன்பொருளிலா என்பது தெளிவாகும். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் எதைச் சரிபார்க்கச் சொல்வது என்று தெரிந்தே போகலாம்.